மேல் செட்டுப் பல்

அத்தியாயம் 11

தீனதயாளன் போய் அன்றைக்கு நாற்பத்தேழாவது நாள். வெளிச்சம் வந்ததும் தமிழ்ச்செல்வி பீரோவைத் திறந்து, மடித்த புடவைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு நீல டப்பாவை எடுத்தாள். அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

டப்பாவில், தண்ணீருக்குள், இறந்துபோன அவள் கணவன் தீனதயாளனின் பல் செட் கிடந்தது. மேல் வரிசை ஒன்று, கீழ் வரிசை ஒன்று. சர்க்கரை வியாதியில் ஈறு கெட்டு எல்லாப் பல்லையும் எடுத்த பிறகு, நான்கு வருடத்துக்கு முன்னால் விழுப்புரத்தில் கட்டியது.

வாஷ்பேசினில் பாதி அளவுக்குத் தண்ணீர் பிடித்தாள். கை தவறினாலும் தண்ணீரில் விழுந்தால் உடையாது என்று செட் கட்டிய அருணா டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். மெல்லிய பிரஷ்ஷில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டுத் தேய்த்தாள். பேஸ்ட் போட்டால் பல் பதித்த பிளேட்டில் கீறல் விழுந்துவிடும். வெந்நீர் கூடவே கூடாது. காயவும் விடக் கூடாது. கடைசி மூன்று மாதம் அவர் கை நடுங்கியபோது இதையெல்லாம் அவள்தான் செய்தாள். அவர் போன மறுநாளும் செய்தாள். அதற்கு மறுநாளும். நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தொடர வேண்டும் என்றும் தோன்றவில்லை. கை செய்தது.

மேல் செட் மூன்று வாரமாகச் சரியில்லை. டப்பாவின் அடியில் படியாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஈறு நிறப் பிளேட்டில் ஓரிடம் வெளுத்திருந்தது. அன்றைக்குக் கடைவாய்ப் பல்லின் இடுக்கில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. பிரஷ் நுனியால் நெம்பி எடுத்தாள். மல்லாட்டைத் தோல். அந்த வேர்க்கடலைத் தோலைத் தண்ணீரோடு போகவிட்டு, டப்பாவில் புதுத் தண்ணீர் நிரப்பி மூடினாள். அது எப்படி அங்கே வந்தது என்று அவள் யோசிக்கவில்லை. இப்போதெல்லாம் எதையும் அவள் யோசிப்பதில்லை.

இந்த டப்பா வீட்டில் இருப்பது யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது.

விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் தீனதயாளனுக்குத் தொண்டையில் குழாய் போடுவதற்கு முன்னால் நர்ஸ் பல் செட்டைக் கழற்றி, ஒரு ரப்பர் கையுறையில் போட்டு முடிந்து, தமிழ்ச்செல்வியிடம் கொடுத்தாள். நோட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். மறுநாள் திண்டிவனம் வீட்டில் அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது உதடு இரண்டும் உள்ளே போய், முகம் வேறு யாருடையதோ போல் இருந்தது. கொழுந்தன் சுகுமார் கேட்டான், அண்ணன் பல்லு எங்கே அண்ணி என்று. ஆஸ்பத்திரியில் தொலைந்துவிட்டது என்றாள். கைப்பை அவள் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மாமனார் கண்ணையன் வாய்க்கரிசி போட வந்தார். அந்தக் குழிந்த வாயைப் பார்த்துக்கொண்டு, கையில் அரிசியோடு வெகு நேரம் நின்றார்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. சுகுமார் சும்மா விடவில்லை. செத்தவனின் பல்லைத் தொலைத்துவிட்டீர்கள் என்று ஆஸ்பத்திரிக்குப் பதிவுத் தபாலில் மனுப் போட்டான். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். பொய் அவளை விட்டு ஊருக்குள் போய்விட்டது.

பிள்ளையில்லாத வீடு. இப்போது அவளும் மாமனாரும்தான். கண்ணையனுக்கு எழுபத்தொன்பது வயது. கண்டாச்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் நாற்பது வருடம் போர் கிணற்றுக்குப் பைப் இறக்கியவர். மேல் ஈறில் ஒரு பல்கூட இல்லை. கீழே நான்கு. வெற்றிலையும் புகையிலையும் உண்டு. இருபது நாளாக இடது பக்கம் மேல் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு புண். களிம்பு போட்டும் ஆறவில்லை. திண்டிவனத்தில் பார்த்த டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, புகையிலை எத்தனை வருடமாக என்று மட்டும் கேட்டார். பல் டாக்டரிடம் உடனே காட்டச் சொன்னார். அந்த 'உடனே'யைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. சுகுமார் போனிலேயே முடிவு செய்துவிட்டான், அண்ணனுக்குச் செட் கட்டிய அருணா டாக்டரிடமே காட்டலாம் என்று.

தமிழ்ச்செல்வி பிரம்மதேசம் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு மாமனாரை விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றினாள்.

கண்ணையன் துண்டால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். கூட்டேரிப்பட்டில் பாதி பஸ் காலியானது. மயிலத்துக் காலேஜ் பெண்கள் இறங்கினார்கள். அப்புறம் கொய்யா விற்கிறவள் ஏறினாள். வலிக்கிறதா என்று தமிழ்ச்செல்வி ஒருமுறை கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். புற்றாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு அவளுக்குள் வந்தது. பஸ்ஸுக்கு வெளியே போகும் மரத்தைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள். அதுவும் போய்விட்டது.

சுகுமார் கிளினிக் வாசலில் காத்திருந்தான். விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். எங்கே போனாலும் முதலில் பேசுகிறவன். அன்றைக்கு அதிகம் பேசவில்லை. உட்காரும் இடத்தில் ஒரு கண்ணாடி அலமாரியில் மாதிரிப் பற்கள் வரிசையாக இருந்தன. உதவிக்கு இருந்த பானுப்ரியா என்கிற பெண், சும்மா இருக்க முடியாமல், கண்ணையனுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒரு பல்லும் இல்லாதவர்களுக்கு முழு செட். சில பல் மிச்சம் இருந்தால் அதையே பிடிமானமாக வைத்துக் கம்பியால் மாட்டும் பாதி செட். கழற்றவே வேண்டாத, எலும்பில் ஸ்க்ரூ இறக்கிக் கட்டுகிறது இன்னொன்று. தாத்தாவுக்கு மேலே முழு செட், கீழே கம்பி போட்டது சரிவரும் என்றாள். கண்ணையன் துண்டை எடுக்காமலே, அந்த ஸ்க்ரூவுக்கு மரை எந்தப் பக்கம் சுற்றுது என்று கேட்டார். பானுப்ரியாவுக்குத் தெரியவில்லை.

அருணா டாக்டருக்கு இவர்களை நினைவிருந்தது. தீனதயாளன் சாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். செட் தொலைந்ததையும் சுகுமார் சொல்லிக் கேட்டேன் என்றார். பிறகு பெரியவரை நாற்காலியில் சாய்த்து, விளக்கை இழுத்து, கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். கையுறை விரலால் புண்ணின் ஓரத்தை அழுத்தினார். கண்ணையன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, செட் ஏதாவது போடுறீங்களா?"

"இல்ல."

"யாராவது கட்டிக் கொடுத்தாங்களா? ரோட்டோரமா, ஊர்ல வந்து கட்டுறவங்க யாராவது?"

"இல்லம்மா."

டாக்டர் தமிழ்ச்செல்வியைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சின்னக் கண்ணாடியில் காட்டினார். புண் உருண்டையாக இல்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நீளமாக இருந்தது. பிளேட்டின் ஓரம் உரசினால் இப்படித்தான் வரும் என்றார். ஆனால் செட்டே போடாதவர் வாயில் இது வரக் கூடாது. பின்கோடியில் கொஞ்சம் கெட்டியாக வேறு இருக்கிறது. புகையிலைப் பழக்கம் உள்ளவர். காரணம் தெரியாத புண்ணை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. சதையில் ஒரு துண்டு வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பாண்டிச்சேரிக்குக் கடிதம் தருகிறேன், நாளைக்கே போங்கள்.

"எழுதுங்கம்மா," என்றார் கண்ணையன்.

அதைச் சொல்லும்போது அவர் கண் ஒரு கணம் மருமகள் மேல் பட்டது. பட்டதும் சுவருக்குப் போய்விட்டது. அங்கே பல் தேய்க்கும் முறையைப் பற்றி ஒரு படம் மாட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழ்ச்செல்விக்கு அப்போதுதான் விளங்கியது. மல்லாட்டைத் தோல். படியாத பிளேட். அவள் எட்டரை பஸ்ஸுக்குப் பிரம்மதேசம் போனால் மூன்று மணி வரைக்கும் வீட்டில் இவர் மட்டும்தான்.

டப்பாவை அவர் கண்டுபிடித்திருக்கிறார். தொலையவில்லை என்று தெரிந்திருக்கிறார். தெரிந்தும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது பக்கத்தில் சுகுமார் நிற்கிறான். செட் போடுகிறேன் என்று சொன்னால் யாருடைய செட் என்கிற கேள்வி வரும். அது வரக் கூடாது என்பதற்காக வாயை வெட்டக் கொடுக்கப் போகிறார்.

டாக்டர் பேனாவை எடுத்து, கண்ணையன், வயது எழுபத்தொன்பது என்று எழுதத் தொடங்கினார்.

சொல்லாமலும் இருந்துவிடலாம். ஒரு சின்னத் துண்டுதான். புற்றில்லை என்று வந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. இப்படி ஒரு கணக்கும் அவளுக்குள் ஓடத்தான் செய்தது. பிறகு தன் குரலைத் தானே கேட்டாள். பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கியில் யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"எழுதாதீங்க டாக்டர். அவர் செட்டு போட்டுக்கினுதான் இருக்காரு. எங்க வீட்டுக்காரரோடது. மேல் செட்டு."

பேனா நின்றது.

"அது தொலைஞ்சு போச்சுன்னு..."

"தொலையல. என்கிட்டதான் இருக்குது. மொத நாள்லேர்ந்து என்கிட்டதான் இருக்குது."

சுகுமார் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் யாரையும் பார்க்காமல் அந்தக் கடிதத்தை ஓரமாக வைத்தார். பெரியவரைத்தான் கேட்டார், எத்தனை நாளாக, எப்படி என்று. இருபத்திரண்டு நாள் என்றார் கண்ணையன். முதலில் அது நிற்கவே இல்லை, பேசினால் கீழே விழுந்தது. அதனால் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, சூட்டோடு வாயில் வைத்து அழுத்திக்கொண்டாராம். இரண்டு தடவை.

"வாய் வெந்துடும்யா. யார் சொன்னா அப்படிச் செய்யச் சொல்லி?"

"பிவிசி பைப்பு அப்படித்தானம்மா. மொனையைச் சூடு காட்டுனா எளகும், அடுத்த பைப்புல சொருகுனா படிஞ்சு நிக்கும். இதுவும் பிளாஸ்டிக்குதானேன்னு பார்த்தேன்."

பானுப்ரியா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டருக்கும் உதடு லேசாகக் கோணியது. பிறகு பொறுமையாகச் சொன்னார். பல் செட் செருப்பு மாதிரி இல்லை, அளவு ஒத்தால் மாற்றிப் போட்டுக்கொள்ள. ஒவ்வொரு வாய்க்கும் அச்செடுத்து, மெழுகில் வைத்துப் பார்த்து, அந்த மேடு பள்ளத்துக்கென்றே வார்க்கிறது. பல் போன பிறகு எலும்பு கரைந்துகொண்டே இருக்கும், அதனால் அவரவர் செட்டே நாலைந்து வருடத்தில் தளர்ந்துபோகும், உள்பக்கம் திரும்ப வார்க்க வேண்டும். பெற்ற மகனே ஆனாலும் அவன் ஈறு வேறு, உங்கள் ஈறு வேறு. வெந்நீரில் பிளேட் கோணிவிட்டது. கோணிய ஓரம்தான் கத்தி மாதிரி வெட்டியிருக்கிறது. இனி அந்தச் செட் உங்களுக்கும் ஆகாது, யாருக்கும் ஆகாது.

அவர் தலையாட்டினார்.

அப்புறம் டாக்டர் கேட்டார். சாப்பிட்டிருக்கவும் முடியாது, வலித்திருக்கும், பின்னே எதற்காகத் தினமும் போட்டுக்கொண்டீர்கள்?

"ஒரு நாள் மல்லாட்டை மென்னு பார்த்தேன், முடியல. அதுக்கில்லம்மா. பேசறதுக்கு."

"யார்கிட்ட?"

"வூட்ல யாரும் இருக்க மாட்டாங்க. சும்மா பேசுவேன். சோறு, சுகுமாரு, அப்டின்னு. தீனாவுக்குப் பல்லு கட்டுனப்புறம் அந்த 'ச' எழுத்து வந்தா ஒரு காத்து போவும், உஸ்ஸுன்னு. எனக்கும் போச்சு. அவன் பேசறாப்லயே இருந்துச்சு."

சுகுமார் வெளியே போய்விட்டான்.

இரண்டு வாரம், என்றார் டாக்டர். செட்டைத் தொடவே கூடாது. புகையிலையைத் தொடவே கூடாது. உப்புத் தண்ணீரில் நாலு வேளை கொப்பளிக்க வேண்டும், வலி மரத்துப்போக ஜெல் தருகிறேன். பிளேட் உரசிய புண் என்றால் பதினாலு நாளில் ஆறியே ஆக வேண்டும். ஆறாவிட்டால் பேச்சில்லை, வெட்டிச் சோதனைதான். இது உரசல் என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் நினைப்புக்கு மருந்து எழுத முடியாது. நன்றாக ஆறிய பிறகு உங்கள் வாய்க்கே ஒரு செட் கட்டலாம், அதுவரை பொறுங்கள்.

தமிழ்ச்செல்வி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நான்கு வருடத்துக்கு முன்னால் இதே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டதைப் போலவே.

சுகுமார் கடைக்குப் போகவில்லை. அவர்களோடு திண்டிவனம் பஸ்ஸில் ஏறினான். மூன்று பேர் சீட்டில் கண்ணையன் ஜன்னலோரம், சுகுமார் நடுவில், அவள் ஓரத்தில். பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியது. கண்ணையன் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார்.

"அண்ணி," என்றான் சுகுமார், முன்சீட்டைப் பார்த்துக்கொண்டே. "எனக்குத் தெரியும்."

அவள் திரும்பினாள்.

"மனுவுக்குப் பதில் வந்துட்டுச்சு. பத்து நாளாச்சு. நோட்டை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருக்காங்க. உங்க கையெழுத்து இருந்துச்சு."

"ஏன் கேக்கல?"

"இன்னான்னு கேக்கறது? ஊரெல்லாம் தொலைஞ்சுதுன்னு சொல்லிக்கினு திரிஞ்சவன் நான்தானே."

அவள் கையிலிருந்த டிக்கெட்டைச் சுருட்டினாள்.

"அங்க டாக்டரம்மா எழுத ஆரம்பிச்சதும் சொல்லிடலாமான்னு பார்த்தேன். நைனா போட்டுக்கினு இருப்பாருன்னு எனக்கு எங்க தெரியும்? ஆனா பிளேட்டு ஓரம்னு அவங்க சொன்னதும் சந்தேகம் வந்துச்சு. நீங்க சொல்லலேன்னா நான் சொல்லியிருப்பேன்." சட்டை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டான். "சொல்லியிருப்பேனான்னு தெரியல."

ஏன் மறைத்தீர்கள் என்று அவன் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டார்கள், தொலைந்துவிட்டது என்று வாயில் வந்தது, அவ்வளவுதான். கொடுத்தால் செட்டும் அவரோடு எரிந்துபோகும் என்று நினைத்தாளோ என்னவோ. நினைத்ததாகக்கூட நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளே போய் டப்பாவை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். சுகுமார் மூடியைத் திறந்தான். மேல் செட்டைக் கையில் எடுத்தான். உள்பக்கம், ஈறு நிறத்துக்குள் பதிந்து, பொடி எழுத்தில் தீனதயாளன் என்று இருந்தது. ஆள் மாறிப்போகாமல் இருக்க பல் செட் செய்யும் லேபில் பெயர் எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தை உள்ளே வைத்து வார்ப்பது வழக்கம். அதை அவன் விரலால் தடவினான். பிறகு, அமாவாசையன்று மரக்காணம் போய், அண்ணனின் சாம்பலைக் கரைத்த அதே இடத்தில் இதையும் விட்டுவிடலாம் என்றான். அவன் செட்டைத் தண்ணீரில் திரும்ப வைத்து, மூடியை அழுத்தி மூடிவிட்டு, கடையைத் திறக்க வேண்டும் என்று கிளம்பினான்.

உப்புப் போட்டு வெதுவெதுப்பாகத் தண்ணீர் கலந்து மாமனாரிடம் கொடுத்தாள். கண்ணையன் கொப்பளித்துத் துப்பினார். அவள் போன் டார்ச்சைப் போட்டு, வாயைத் திறக்கச் சொன்னாள். இனிப் பதினாலு நாளைக்கு இது அவள் வேலை. முதல் நாள் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் ஆறுகிறதா என்று சொல்ல முடியும். கோடு அப்படியே இருந்தது. அதன் பின்கோடி வெள்ளையாகத் தடித்திருந்தது.

டார்ச்சை அணைத்ததும் அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். புகையிலைப் பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தார். வைத்துவிட்டும் கையை எடுக்கவில்லை.

"செல்வி. நீ அங்க உண்மையைச் சொன்னியேன்னு சொல்றேன். சுகுமாருகிட்ட சொல்லாத."

"சொல்லுங்க மாமா."

"அந்தக் கோடு செட்டால வந்ததுதான். பின்னாடி தடிப்பா இருக்குதே, அது செட்டால வரல. நான் செட்டு போடறதுக்கு முன்னாடியே அது இருந்துச்சு."

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தமிழ்ச்செல்விக்கு உள்ளங்கை சில்லிட்டது. பயம் என்று ஒன்று இருந்ததே, அது இப்படித்தான் வரும் என்று அவளுக்கு மெதுவாக நினைவு வந்தது.

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"தீனா ஆஸ்பத்திரில இருந்தான். அப்ப இதை எங்க சொல்றது? அப்புறம் அவன் போயிட்டான். அப்புறம் சொல்லி இன்னா ஆவப்போவுதுன்னு விட்டுட்டேன்."

"எத்தினி நாளா இருக்குது மாமா?"

கண்ணையன் கட்டை விரலால் விரல் கணுக்களைத் தொட்டு மாசங்களை எண்ணத் தொடங்கினார். ஒரு விரல் முடிந்து அடுத்த விரலுக்குப் போனார்.